கால் பயிற்சி இல்லாத வாரம்

1. கைப்பிடி

சிங்கப்பூருக்குப் பாலம் கடந்து வேலைக்குப் போகிற தூரத்தில், உலு திராமில் ஒரு கடைவீட்டு வரிசையில், கீழே டயர் கடை, மேலே எங்கள் ஜிம். மாடிப்படி செங்குத்தாக இருக்கும். புதிதாகச் சேர்கிறவர்கள் மேலே வந்து சேருவதற்குள் மூச்சு வாங்கிவிடும். "இதுதான் உங்க வார்ம்-அப்" என்று சொல்லிச் சிரிப்பேன்.

சரவணன் அந்தப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறவன். அவன் கைப்பிடியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவன் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து நின்று, பிறகு அடுத்த படி என்று ஏறி வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"என்னடா தம்பி, கால்ல அடியா?"

"இல்லக்கா. கெண்டைக்கால் ரெண்டும் கல்லு மாதிரி ஆயிருச்சு. உடம்பும் லேசா சுடுது. ஓவர்டிரெயினிங் லா. இம்யூனிட்டி இறங்கிருச்சுன்னு நினைக்கிறேன்."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். லேசாகவெல்லாம் சுடவில்லை, நன்றாகவே சுட்டது.

"காய்ச்சலோட இங்க யாரும் வெயிட்ட தொடக்கூடாது. உனக்குத் தெரியும்ல?"

"வெயிட் வேணாம்கா. சைக்கிள்ல கொஞ்சம் உக்காந்து வேர்வை விட்டா சரியாயிடும்."

அவனை பெஞ்சில் உட்காரவைத்து, கெண்டைக்காலைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினேன். பயிற்சிக்கு மறுநாள் வருகிற தசைவலியை நாங்கள் டோம்ஸ் என்போம். அந்த வலியில் இருக்கிறவர்களின் காலை அழுத்தினால் "அம்மா" என்பார்கள், உடனே சிரித்தும் விடுவார்கள். இவன் சிரிக்கவில்லை. அலறிவிட்டான். டிரெட்மில்லில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பேர் மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வீட்டுக்குப் போ. போற வழியில கிளினிக்ல இறங்கிட்டுப் போ" என்றேன்.

"சரிக்கா" என்றான். சரி என்றானே தவிர, கிளினிக்குக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய் வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

2. நான் வகுப்பில் சொல்வது

என் பெயர் ரோஸ்லின். ஜிம்மில் சிலர் அக்கா என்பார்கள், சிலர் கோச் என்பார்கள். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி லைனில் நின்று வேலை பார்த்தவள். நின்று நின்று முதுகு போய், அதைச் சரிசெய்ய உடற்பயிற்சிக்குப் போய், பிறகு அதையே படித்து, சர்ட்டிபிகேட் வாங்கி, பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டேன். இப்போது பெரும்பாலான வகுப்புகளை இளையவர்களிடம் கொடுத்துவிட்டேன். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் பழகிப்போயிருக்கும். கடுமையாகப் பயிற்சி செய்தபின் ஆட்களுக்கு உடம்பு சரியில்லாமல் போவது. முதல் நாளே வீரம் காட்டுகிறவர் டாய்லெட்டில் போய் வாந்தி எடுப்பார். அது சீக்கிரம் தெளிந்துவிடும். இன்னொன்று மெதுவாக வரும். "ஆறு வார சேலஞ்ச்" என்று ஏதாவது அறிவித்தால், பாதி வழியில் ஒவ்வொருவராகத் தொண்டை வலி, மூக்கு ஒழுகல் என்று காணாமல் போவார்கள். எங்கள் பக்கத்தில் இது கொஞ்சம் அதிகம். பலர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்கள். விடிவதற்கு முன் மோட்டார் சைக்கிளை எடுத்து, பாலத்தில் புகையில் நின்று, வேலை முடித்து, மறுபடி அதே நெரிசலில் திரும்பி, நேராக ஜிம்முக்கு வந்து உடம்பை வாட்டுவார்கள். தூக்கம் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு இல்லை. சளி பிடிக்காமல் என்ன செய்யும்?

அதனால் வகுப்பில் ஒரு பாடம் சொல்வேன். கடுமையான பயிற்சிக்குப் பிறகு சில மணி நேரம் இரத்தத்தில் சில வகை வெள்ளை அணுக்கள் குறைகின்றன, அந்த நேரத்தில் கிருமிக்கு ஜன்னல் திறந்திருக்கிற மாதிரி என்று எங்கள் கோர்ஸில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நானும் அதையே சொல்வேன். ஒரு வாரம் கடுமையாகச் செய்தால் அடுத்து ஒரு வாரம் இலகுவாகச் செய்யுங்கள். தூங்குங்கள். மூக்கு மட்டும் ஒழுகினால் நடக்கலாம். காய்ச்சல், நெஞ்சு, உடம்பு வலி என்று கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் ஓய்வு.

இந்தப் பாடத்தை என் மெம்பர்களில் சரவணனைப் போல யாரும் மனப்பாடம் செய்ததில்லை. சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். குடியில்லை, சிகரெட் இல்லை. புல்-அப் பாரில் தொங்கினால் நாங்கள் எண்ணுவதை விட்டுவிடுவோம், அவன் விடமாட்டான். வேலைக்கு மட்டம் போட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்வான். யாருக்காவது தலைவலி என்றால்கூட, "இம்யூனிட்டி டவுன் லா, நேத்து என்ன சாப்ட்டீங்க?" என்று கேட்பான். நாங்கள் அவனை டாக்டர் சரவணன் என்று கிண்டல் செய்வோம்.

அவன் மனைவி புனிதா பாலர் பள்ளி ஆசிரியை. ஜிம் பக்கமே வரமாட்டாள். தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவளுடைய தம்பி ரவியையும் பார்த்தேன். பாலோ என்ற ஊரில் செம்பனை எண்ணெய் மில்லில் வேலை. பெரிய தொப்பை. முறுக்குத் தட்டை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தான். சரவணன் அவனை விடவில்லை.

"அக்கா, இவன்தான் எம்.சி. மன்னன். தும்மினா எம்.சி., கொட்டாவி விட்டா எம்.சி. அந்த கிளினிக்ல இவனுக்குன்னு ஒரு நாற்காலியே இருக்கு."

வேலைக்குப் போகாமல் இருக்க டாக்டர் தருகிற மெடிக்கல் லீவைத்தான் இங்கே எம்.சி. என்போம். எல்லோரும் சிரித்தோம். ரவியும் சிரித்தான்.

3. புனிதாவின் போன்

செவ்வாய்க்கிழமை அவனைத் திருப்பி அனுப்பினேன். வியாழக்கிழமை காலையில் புனிதா போன் செய்தாள்.

"அக்கா, உங்க கார் இருக்கா? இவரால எழுந்து நிக்க முடியல. நான் தூக்கினா வலிக்குதுன்னு கத்துறாரு."

"கிளினிக்ல என்ன சொன்னாங்க?"

"எந்த கிளினிக்? போகவே இல்லக்கா. ஜிம் வலி, ரெண்டு நாள்ல போயிரும், நீ சும்மா இருன்னு சொல்லிட்டே இருந்தாரு. நேத்து கண்ணு ரெண்டும் சிவந்து இருந்துச்சு. அழுதீங்களான்னு கேட்டேன். சிரிச்சாரு. இன்னைக்குப் பார்த்தா அந்தக் கண்ணு மஞ்சளா இருக்குக்கா."

பக்கத்துத் தாமான் குடியிருப்பில்தான் நான் இருக்கிறேன். போய்ச் சேர்ந்தபோது சரவணன் வரவேற்பறை சோஃபாவில் சாய்ந்திருந்தான். என்னைப் பார்த்து எழ முயன்றான், முடியவில்லை. தோள்களும் கைகளும் அதே தோள்கள், அதே கைகள்தான். ஆனால் அந்த உடம்புக்குள்ளிருந்து யாரோ அவனை வெளியே எடுத்துவிட்ட மாதிரி இருந்தது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் மஞ்சளும் சிவப்பும் கலந்திருந்தன. மூத்திரம் தேத்தண்ணி நிறத்தில் போகிறது, அதுவும் சொட்டுச் சொட்டாக, என்றாள் புனிதா.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தாங்கி அவனைக் காரில் ஏற்றினோம். வழியெல்லாம் அவன் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தான்.

"அக்கா, ஓவர்டிரெயினிங்தானே? தண்ணி நிறைய குடிச்சா போதும்ல?"

எனக்கு அப்போது வேறொரு பயம். எங்கள் கோர்ஸில் அதைப் பற்றி எச்சரிப்பார்கள். அளவுக்கு மீறிப் பயிற்சி செய்தால் தசை உடைந்து, அதன் கழிவு இரத்தத்தில் கலந்து, கிட்னியை அடைத்துவிடும். மூத்திரம் கறுத்துப்போகும். ராப்டோ என்று சுருக்கமாகச் சொல்வோம். இத்தனை வருடத்தில் என் ஜிம்மில் யாருக்கும் அது வந்ததில்லை. இன்று வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆக்ஸிலரேட்டரை இன்னும் அழுத்தினேன்.

4. "என்ன செய்ய வைத்தீர்கள்?"

அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர் பார்த்தார். மலாயில்தான் பேசினார். நான் நினைவிலிருந்து தமிழில் எழுதுகிறேன். இரத்தம் எடுத்தார்கள், சலைன் ஏற்றினார்கள். மூத்திரத்தின் நிறத்தைப் பார்த்ததும் டாக்டர் நிமிர்ந்தார்.

"இவர் ஜிம்முக்குப் போறவரா?"

"ஆமா டாக்டர்" என்றாள் புனிதா. பிறகு என்னைக் காட்டினாள். "இவங்கதான் கோச்."

டாக்டர், தாதி, பக்கத்துக் கட்டிலில் இருந்த பாட்டியின் மகன் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புனிதாவின் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

"கடைசியா இவரை என்ன செய்ய வச்சீங்க?" என்று கேட்டார் டாக்டர். குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்கும் குரல்.

"போன வாரம் இலகுவான வாரம் டாக்டர். டிலோட். அதுக்கு முந்தின வாரங்கள்ல கடுமையா செஞ்சதால பாதி வெயிட்தான் கொடுத்தேன்."

"ஸ்குவாட்? குதிக்கிறது? ஓட்டம்?"

"இல்ல. தோளும் முதுகும் மட்டும். முட்டி கொஞ்சம் வலிக்குதுன்னு சொன்னதால போன வாரம் முழுக்கக் கால் பயிற்சியே..."

அந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. என் வாயிலிருந்து வந்ததை நானே அப்போதுதான் கேட்டேன். கால் பயிற்சியே செய்யாதவனுக்குக் கெண்டைக்கால் எப்படிக் கல்லாகும்? செவ்வாய்க்கிழமை என் கட்டைவிரலுக்குக் கீழே அவன் அலறியபோது நான் கடுமையான டோம்ஸ் என்றுதான் நினைத்தேன். அவனும் அதைத்தான் நினைத்தான். ஜிம்முக்குப் போகிறவனின் கால் வலித்தால் வேறு எதையும் நினைக்க எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

"செய்யவே இல்ல டாக்டர்" என்றேன்.

டாக்டர் கட்டிலின் மேல் குனிந்தார். சரவணனின் கண் இமையை மறுபடி விலக்கிப் பார்த்தார். பிறகு அவன் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார்.

"இது என்ன புண்?"

"புல்-அப் பார்ல தொங்குறதால காய்ச்சுப்போன தோல் டாக்டர். கிழிஞ்சுக்கும். எங்க எல்லாருக்கும் இருக்கும்."

டாக்டர் புனிதாவிடம் திரும்பி ஒரே ஒரு சொல்லைக் கேட்டார்.

"பன்ஜிர்?"

வெள்ளமா என்று அர்த்தம். புனிதாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பாலோவில் அவள் அம்மா வீட்டுக்குள் வெள்ளம் வந்திருந்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் போய்ச் சுத்தம் செய்தார்கள். சரவணன்தான் முன்னால் நின்றான். சேற்றை வாரினான், சாக்கடை அடைப்பைக் கையாலேயே எடுத்தான். கையுறை கொடுத்தாளாம். அதைப் போட்டால் மண்வெட்டி வழுக்குகிறது என்று கழற்றி எறிந்துவிட்டான். "எனக்கு இதுவே ஒர்க்-அவுட்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தானாம். அது நடந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

"கென்சிங் தீக்குஸ்" என்றார் டாக்டர் தாதியிடம். எலி மூத்திரத்தால் வருகிற நோய்க்கு மலாயில் அதுதான் பெயர். நாம் எலிக்காய்ச்சல் என்போம். "டெஸ்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம். மருந்த இப்பவே ஆரம்பிச்சிருவோம்."

அது என் ஜிம்மில் வந்த நோய் இல்லை என்று தெரிந்ததால் வந்த நிம்மதி ஒரு கணம்கூட நிற்கவில்லை. டாக்டரின் வேகம் அதைத் துடைத்துவிட்டது. முதல் இரத்த முடிவைப் பார்த்துவிட்டு, கிட்னி வேலை செய்வது ஏறக்குறைய நின்றுவிட்டது, ஈரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது, ஐ.சி.யூ.வில் சேர்த்து டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும் என்றார். புனிதா என் கையைப் பிடித்தாள். "டயாலிசிஸா? இவருக்கா?" என்று மட்டும் கேட்டாள். திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

5. ரவி

கட்டிலை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு டாக்டர் மறுபடி வெளியே வந்தார். "அந்த வீட்டைச் சுத்தம் செஞ்சவங்க வேற யார் யார்? யாருக்காவது காய்ச்சல் இருந்தா உடனே போய்ப் பார்க்கச் சொல்லுங்க."

புனிதாவின் அம்மா அப்போது உறவினர் வீட்டில் இருந்தார், தண்ணீரில் இறங்கவில்லை. புனிதா சமையலறைப் பாத்திரங்களைத்தான் பார்த்தாளாம், கையுறையும் பூட்ஸும் போட்டிருந்தாள். மிச்சம் ரவி. அவள் அங்கேயே நின்று அவனுக்கு போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, உனக்குக் காய்ச்சல் ஏதாச்சும் இருக்காடா?"

"இல்லையே. ஏன்கா?"

"உண்மையச் சொல்லு."

அவன் குரலைத் தாழ்த்தினான்.

"போன வாரம் இருந்துச்சு. இப்ப சரியாயிடுச்சு. கால் வலி, தலைவலி, காய்ச்சல். ரெண்டாவது நாளே கிளினிக் போயிட்டேன். வெள்ளத்துல இறங்குனீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னேன். எலிக்காய்ச்சலா இருக்கலாம்னு மாத்திரை கொடுத்து, இரத்தமும் எடுத்தாங்க. மாத்திரை சாப்ட்டேன், போயிருச்சு."

புனிதா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"ஏன்டா எங்ககிட்ட சொல்லல?"

"எம்.சி. எடுத்தேன்னு சொன்னா மாமா சிரிப்பாரு. நீங்களும் சிரிப்பீங்க. அதான் சொல்லல."

"கூட வேலை செஞ்சவங்களுக்குச் சொல்லுன்னு அவங்க சொல்லலையா?"

"சொன்னாங்கக்கா. காய்ச்சல் வந்தா உடனே வரச் சொல்லுங்கன்னு நர்ஸ் சொன்னாங்க." அவன் குரல் இப்போது மாறியது. "மாமாவுக்கு எப்படிக்கா வரும்னு நினைச்சேன். அவரு ஜிம் பாடி. எனக்கே வந்து போயிருச்சு, அவருக்கு எதுவும் வராதுன்னு நினைச்சேன். என்னக்கா? மாமாவுக்கு என்ன ஆச்சு?"

புனிதா போனை என்னிடம் நீட்டினாள். நான்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் அவன் லைனிலேயே இருந்தான். மில்லின் மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

6. ஐ.சி.யூ.வுக்கு வெளியே

ஜிம்மில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. "அலமாக், சரவணனா? நம்ம சரவணனா?" என்று கேட்டார்கள். ஒருவர் உடனே, "பார்த்தீங்களா, ரொம்ப எக்சர்சைஸ் பண்ணா இப்படித்தான், எதிர்ப்புச் சக்தியெல்லாம் போயிரும்" என்றார். இன்னொருவர், "அதான் நான் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் வர்றேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளேயும் இருந்தது. நான் கொடுத்த கடுமையான வாரங்கள்தான் அவன் உடம்பைத் தளர்த்தி, நோய்க்கு வழி விட்டதா?

அடுத்த முறை டாக்டரைப் பார்த்தபோது கேட்டேவிட்டேன். அவர் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். ஆனாலும் நின்றார்.

"அளவாகவும் தொடர்ந்தும் உடற்பயிற்சி செய்றவங்களுக்கு எதிர்ப்புச் சக்தி நல்லாத்தான் இருக்கும். ரொம்பக் கடுமையா செஞ்சபிறகு கொஞ்ச நேரம் இரத்தத்துல சில அணுக்கள் குறையும், அது உண்மை. அது பலவீனமா, இல்ல அந்த அணுக்கள் உடம்புல வேற இடத்துக்குக் காவலுக்குப் போயிருக்கான்னு இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க. தூக்கம் இல்லாம, கூட்டத்துல நின்னா சளி பிடிக்கும். அது வேற கதை. இது அந்தக் கதை இல்ல. உடம்புக்கு முதல் காவல் தோல். அது கையில கிழிஞ்சிருந்துச்சு. கிழிஞ்ச கைய அழுக்குத் தண்ணியில விட்டாரு. உள்ள போற கிருமி, நீங்க எத்தனை கிலோ தூக்குவீங்கன்னு கேக்காது."

"அப்ப இத்தனை வருஷம் உடம்ப வளர்த்தது எதுக்குமே உதவலையா டாக்டர்?"

"உதவுது. இதயம் தாக்குப் பிடிக்குது. எழுந்து வர்றதுக்கும் உதவும்." அவர் நடக்கத் தொடங்கி, மறுபடி திரும்பினார். "ஆனா இங்க வர்றதுக்கு லேட் ஆனதும் அதாலதான். மச்சான் ரெண்டாவது நாள் மருந்து சாப்ட்டாரு. இவரு அத ஜிம் வலின்னு நினைச்சுப் பொறுத்துக்கிட்டாரு. பொறுத்துக்கப் பழகுன உடம்பு."

இந்தக் கடைசிச் சொற்கள் என்னை விட்டுப் போகவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்ளத்தானே நாங்கள் பழக்குகிறோம்! "இன்னும் ரெண்டு, இன்னும் ஒன்னு, வலிக்கட்டும், விடாத" என்று நாள் முழுக்கக் கத்துவதுதானே என் வேலை! எந்த வலியைப் பொறுக்கக் கூடாது என்று வகுப்பில் ஒரு வாக்கியம் சொல்வேன். ஆனால் அதைக் கத்திச் சொன்னதில்லை.

டயாலிசிஸ் பல முறை செய்தார்கள். ஒரு கட்டத்தில் நுரையீரலிலும் பிரச்சினை என்றார்கள். புனிதா மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்லி என்னிடம் கேட்டாள். அவள் இந்து, நான் கத்தோலிக்கர். "எல்லா சாமிகிட்டயும் சொல்லிருவோம்கா" என்றாள். நானும் ஏற்றினேன். பிறகு ஒரு நாள் காலையில் மூத்திரம் தானாக வர ஆரம்பித்துவிட்டது என்று செய்தி அனுப்பினாள். மூத்திரம் வந்ததற்காக ஒரு ஜிம்மே கைதட்டியது என்றால் நம்புவீர்களா? நாங்கள் தட்டினோம்.

7. வார்டில்

சாதாரண வார்டுக்கு மாற்றிய பிறகு பார்க்கப் போனேன். ரவி முன்பே வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். உட்கார நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. சரவணன் ஆளே பாதியாகிவிட்டிருந்தான். கழுத்தெலும்பு தெரிந்தது. இத்தனை சீக்கிரத்தில் இத்தனை தசை ஒரு உடம்பைவிட்டுப் போகும் என்று நான் நினைத்ததில்லை. அதிர்ச்சியை முகத்தில் காட்டாமல் இருக்கப் பழச்சாறு பாட்டிலைப் பையிலிருந்து எடுப்பதிலேயே மும்முரமாக இருந்தேன்.

"மாமா, நான் ஒரு போன் போட்டிருந்தா..." என்று ஆரம்பித்தான் ரவி.

"போட்டிருந்தா நான் சிரிச்சிருப்பேன்" என்றான் சரவணன். குரல் மெல்லியதாக இருந்தது. "நீ எம்.சி. எடுத்தேன்னு சொன்னதும் சிரிச்சிட்டு போன வச்சிருப்பேன். நீ சொன்னாலும் நான் போயிருக்க மாட்டேன்டா மச்சான்."

ரவி அழுதான். பெரிய உடம்பு, தோள் குலுங்கியது. சரவணன் அவனைத் தேற்றவில்லை. கையை நீட்டி நாற்காலியைக் காட்டி, "உக்காரு" என்று மட்டும் சொன்னான். ரவி உட்கார்ந்தான். பிறகு சரவணன் என்னிடம் திரும்பினான்.

"அக்கா, எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் புரியல. அவ்ளோ வலிச்சுது. எனக்கு ஏன் பயமே வரல?"

பழச்சாற்றை டம்ளரில் ஊற்றி அவன் கையில் கொடுத்தேன்.

பல மாதம் கழித்து அவன் ஜிம்முக்கு வந்தான். கிட்னி திரும்பிவிட்டது. டாக்டர் நடக்க மட்டும் அனுமதித்திருந்தார். டிரெட்மில்லில் மெதுவாக நடந்தான். அவனுக்குப் பக்கத்தில் ரவி நடந்தான், பாலோவிலிருந்து அதற்காகவே வந்திருந்தான். ரவிக்குத்தான் மூச்சு வாங்கியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்யவில்லை. எனக்கு அதுவே வினோதமாக இருந்தது.

8. இப்போது

இப்போது என் ஜிம்மில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லியிருக்கிறேன். வலி எங்கே? அந்த இடத்துக்கு நாம் பயிற்சி கொடுத்தோமா? இரண்டாவதற்கு இல்லை என்ற பதில் வந்தால், அது நம்முடைய வலி இல்லை. அதற்குமேல் நாம் பேச ஒன்றுமில்லை, டாக்டர் பேசட்டும். உள்ளங்கை கிழிந்தவர்கள் ஆறும்வரை பாரைத் தொடக்கூடாது. வெள்ளக் காலத்தில் கதவிலேயே எழுதி ஒட்டிவிடுகிறேன். சுத்தம் செய்யப் போகிறவர்கள் கையுறையும் பூட்ஸும் போடுங்கள், பிறகு காய்ச்சல் வந்தால் ஜிம்மை மறந்துவிடுங்கள் என்று.

இதை எல்லோரும் விரும்புவதில்லை. அண்மையில் ஒரு பெண் வந்தார். வங்கியில் வேலை, சேர்ந்து கொஞ்ச நாள்தான். முந்தின வகுப்பு கடுமையாக இருந்ததாம், அதனால் உடம்பெல்லாம் வலி, லேசாகக் காய்ச்சல், ஆனால் வகுப்பைத் தவறவிட மனமில்லை என்றார். வலி எங்கே என்று கேட்டேன். முதுகிலும் கண்ணுக்குப் பின்னாலும் என்றார். கண்ணுக்குப் பின்னால் வலிக்கும்படி நாங்கள் எந்தப் பயிற்சியும் கொடுப்பதில்லை. வீட்டுக்குப் போங்கள், இல்லை, முதலில் கிளினிக்குக்குப் போங்கள் என்றேன்.

"இது ஜிம்மா, கிளினிக்கா?" என்றார். "நான் வேர்வை விட வந்தேன் லா. எனக்கு எப்பவும் இப்படித்தான், ஒரு ரவுண்டு ஓடினா சரியாயிடும்."

"ஓட விடமாட்டேன்."

"வேற ஜிம் இல்லையா என்ன?"

"இருக்கு. அங்கயும் இன்னைக்குப் போகாதீங்க. நான் வேணும்னா கூட வர்றேன், கிளினிக் எதிர்ல தான் இருக்கு."

அவர் பையை எடுத்துக்கொண்டு கோபமாகப் போய்விட்டார். பிறகு வரவே இல்லை. இரண்டு முறை செய்தி அனுப்பி விசாரித்தேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அன்று அவருக்கு வந்தது என்ன காய்ச்சல் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டெங்கியாக இருந்திருக்கலாம். வெறும் சளிக்காய்ச்சலாகவும் இருந்திருக்கலாம், மறுநாளே சரியாகி அவர் வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம். என்னைப் பற்றி நாலு பேரிடம் மோசமாகவும் சொல்லியிருக்கலாம்.

சொல்லட்டும். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வலிக்கட்டும் விடாதே என்று கத்துகிற அதே குரலில், போதும் போ என்றும் கத்தப் பழகுங்கள். முதலாவதைக் கேட்டு ஆள் உங்களிடம் வரும். இரண்டாவதைக் கேட்டுச் சிலர் உங்களை விட்டுப் போவார்கள். போகட்டும், உயிரோடு போகட்டும்.